பதினான்காம் கேள்வி

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. இதைச் சொன்னால் எல்லோரும், ஆகா, அப்படிப்பட்ட மனிதர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்பார்கள். இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியவளைக் கேட்டுப் பாருங்கள். என் அம்மா உயிரோடு இருந்தபோது, "குழம்பு எப்படி மாப்பிள்ளை?" என்று ஆசையாகக் கேட்பார். "கொஞ்சம் புளிப்பு கூட" என்று சொல்லிவிடுவார் இவர். நான் மேசைக்கு அடியில் காலை மிதித்தும் பிரயோஜனம் இருந்ததில்லை.

அந்தப் புதன்கிழமையும் மிதித்தேன். புதன்தான் எனக்கு விடுமுறை. மற்ற நாளெல்லாம் லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக் கடையில் நின்றுகொண்டிருப்பேன். சாப்பாட்டு மேசையில் ஹோட்டல் வேலைக்கான விண்ணப்பப் பாரம் கிடந்தது, மூன்று பக்கம். ஜெயராஜ் (எழுத்தில்தான் அவர் பெயரைச் சொல்வேன், வாயால் சொல்லிப் பழக்கமில்லை) நீலப் பேனாவால் பெரிய பெரிய எழுத்தில் நிரப்பிக்கொண்டிருந்தார்.

அவர் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடம் மெஷின் பழுதுபார்த்தவர். போன வருடம் அந்தக் கம்பெனி மூட்டையைக் கட்டிக்கொண்டு வியட்நாமுக்குப் போய்விட்டது. அதிலிருந்து பதினோரு மாதமாக மோட்டார் சைக்கிளில் அடுத்தவர் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார். நாற்பத்தொன்பது வயது. மழையில் நனைந்து வந்து வாசலில் நின்று முழங்காலைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்தால் எனக்கு அழுகையும் வரும், எரிச்சலும் வரும். இந்த ஹோட்டல் வேலை கிடைத்தால் கூரைக்குக் கீழே வேலை. ஓய்வு பெறும்வரை நிம்மதி. இது போனால் இந்த வயதில் வேறு யார் கூப்பிட்டு வேலை கொடுக்கப் போகிறார்கள்?

பதினான்காம் கேள்வியில் பேனா நின்றது. நீங்கள் எப்போதாவது நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டதுண்டா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். ஆம் என்றால் விளக்குக என்று கீழே இரண்டு கோடு.

"இல்லன்னு போடுங்க" என்றேன்.

"இருக்கே லோகா."

"இருபது வருசத்துக்கு முந்தி லா. யாரு போயி தோண்டிப் பாக்கப் போறா?"

"கடைசிப் பக்கத்தப் பாரு. பொய்யா எழுதுனா எப்ப வேணும்னாலும் வேலைய விட்டுத் தூக்கலாம்னு போட்டிருக்கான். தெனம் பயந்துகிட்டு என்னால வேலைக்குப் போவ முடியாது."

அப்போதுதான் காலை மிதித்தேன். அவர் 'ஆம்' கட்டத்தில் டிக் போட்டு, கீழே 'சண்டையில் ஒருவருக்கு மண்டை உடைந்தது, 2005' என்று எழுதினார்.

நடந்தது இதுதான். கல்யாணமான இரண்டு வருடத்தில் எனக்கு இரண்டு தடவை கரு கலைந்துவிட்டது. மூன்றாவது தடவை நாள் தள்ளிப்போனதும், இந்தப் பிள்ளை தங்க வேண்டும் என்று தண்ணீர்மலை முருகனுக்குக் காவடி எடுப்பதாக அவர் வேண்டிக்கொண்டார். நாற்பத்தெட்டு நாள் விரதம். ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை, காலில் செருப்பு கிடையாது.

தைப்பூசத்துக்கு இரண்டு நாளுக்கு முன்னால் ஒரு சாயங்காலம், தண்ணீர் பந்தல் போடும் இடத்தில் என் அண்ணன் யுகேந்திரன் கோஷ்டிக்கும் பக்கத்துப் பந்தல்காரர்களுக்கும் தகராறு. எதற்கு? அரை அடி இடத்துக்கு. அண்ணன் ஒருவனைப் பின்மண்டையில் அடித்துப் போட்டுவிட்டு ஓடிவிட்டார். கூட இருந்தவர்களும் ஓடிவிட்டார்கள். வாழைமரம் இறக்கிவைக்க அப்போதுதான் வந்து சேர்ந்தார் என் வீட்டுக்காரர். அண்ணன் ஓடுவதை மட்டும்தான் பார்த்தார். ரத்தத்தைப் பார்த்ததும் அடிபட்டவனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஓடத் தெரிந்தவர்கள் ஓடிய இடத்தில் உட்காரத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். போலிஸ் வந்தபோது அவருடைய மஞ்சள் வேட்டி முழுக்க ரத்தம். அடிபட்டவனோ, பின்னாலிருந்து விழுந்த அடி, யாரென்று தெரியாது என்றான்.

மறுநாள் காலை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார்கள். லாக்கப்பில் கூட இருந்த ஒருவன் இவருக்கு வக்கீல் ஆகிவிட்டான். "இல்லன்னு சொன்னீங்கன்னா கேஸு தள்ளிப்போவும், ஜாமீனுக்கு ஆளு தேடணும், ரெண்டு மூணு நாளு உள்ளதான். ஒத்துக்கிட்டா அபராதத்தக் கட்டிட்டு மத்தியானமே வீட்டுக்குப் போயிடலாம்ணே" என்று சொல்லியிருக்கிறான். அன்றைக்குத்தான் ரதம் புறப்படுகிற நாள். விடிந்தால் காவடி. வேண்டுதல் தவறினால் என் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்பதைத் தவிர அவர் வேறு எதையும் யோசிக்கவில்லை. ஒத்துக்கொண்டார். அதுவரை வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே பொய். அதையும் போயும் போயும் நீதிபதியிடம் சொன்னார்.

மறுநாள் காவடி தூக்கினார். ஆகஸ்டில் எங்கள் மகன் ஷர்வின் பிறந்தான். தொழிற்சாலையில் ஒரு நாள் அவசர விடுப்பு என்பதோடு சரி, அங்கே யாரும் எதையும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் வேறு வேலைக்கு மனுப் போட்டதும் இல்லை. அதனால் இருபது வருடமாக இந்தக் கேள்வி எங்கள் வீட்டு வாசல் பக்கம் வரவேயில்லை.

அண்ணன் அந்த ஹோட்டலில் பன்னிரண்டு வருடமாக மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். ஆள் தேவை என்று சொல்லிப் பாரத்தைக் கொண்டுவந்து கொடுத்ததே அவர்தான். அன்று மாலை வாங்கிக்கொண்டு போக வந்தவர், கோப்பியைக் குடித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினார். பதினான்காம் கேள்வியில் கோப்பி நின்றுவிட்டது.

"மச்சான், என்னா இது?"

"இருந்தத எழுதியிருக்கேன்."

"ஐயோ, வேற பாரம் கொண்டாறேன், மாத்தி எழுதுங்க. ஒரு மெயின்டனன்ஸ் வேலைக்கு யாரு கோர்ட்டுல போயி கேக்கப் போறா?"

"வேணாம் மச்சான். இப்படியே குடுங்க. கெடைச்சா கெடைக்கட்டும்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். 'அறிமுகப்படுத்தியவர்' என்று போட்டிருந்த இடத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் இடது கைக்காரர். பேனாவை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்து ஒருவழியாகப் போட்டார்.

லிஃப்ட் வரைக்கும் வழியனுப்பப் போனேன். அங்கே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"லோகா, பேட்டியில இத கண்டிப்பா கேப்பாங்க. மச்சான் வெள்ளந்தி. கேட்டா என் பேர சொல்லிடுவாரு. எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க இருக்கு. பெரியவளுக்கு இப்பதான் மாப்பிள்ள பாக்குறோம். நீ சொன்னாதான் கேப்பாரு. நான் உள்ள இருக்கேன்ல, ஆளு எடுக்குற மேடம்கிட்ட பேசி முடிச்சிடறேன்."

கூடப் பிறந்தவர் கையைப் பிடித்தால் என்ன செய்வது? நான் உள்ளே போனேன். சாமி படத்துக்கு முன்னால் அவரை நிறுத்தினேன். இதை எழுதும்போதுகூட எனக்கு என்மேல் வெறுப்பாக இருக்கிறது.

"அண்ணன் பேரு உங்க வாயில வரக் கூடாது."

"இருபது வருசமா வந்துச்சா?"

"இப்ப கேப்பாங்க. கேட்டா நாந்தான் அடிச்சேன்னு சொல்லிடுங்க. கோர்ட்டுலயும் அப்படித்தானே இருக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி" என்றார்.

பேட்டிக்கு ஷர்வினின் கறுப்புச் சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து, "சொல்றோம்னாங்க" என்றார். என்ன கேட்டார்கள் என்றால், "வேலையப் பத்தி கேட்டாங்க, அதப் பத்தியும் கேட்டாங்க" என்றார். சப்பாத்தைக் கழற்றித் துடைத்து வைத்தார். இரண்டு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் மூன்று வரி வந்தது. வருந்துகிறோம் என்று தொடங்கியது. அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். வெளியே தூறிக்கொண்டிருந்தது.

அண்ணன் போனில் வருத்தப்பட்டார். "எவ்வளவோ பேசிப் பார்த்தேன் லோகா. மேலிடத்து முடிவு, நான் என்னா செய்ய?"

எனக்கு மனசு ஆறவில்லை. இருபது வருடத்துக்கு முந்தைய ஒரு சண்டை. அதற்குப் பிறகு ஒரு டிராபிக் சம்மன்கூட வாங்காத மனிதர். அடுத்த நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கடைச் சீருடைச் சேலையோடு அப்படியே நடந்து அந்த ஹோட்டலுக்குப் போனேன். எங்கள் கடையிலிருந்து நான்கு தெருதான். மனிதவளப் பிரிவில் ஹன்னா என்ற பெண் அதிகாரி இருப்பார் என்று தெரியும். முப்பத்தைந்து வயது இருக்கும், வெள்ளை முக்காடு, சுத்தமான மேசை. துரத்திவிடுவார் என்று நினைத்தேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். மலாயில்தான் பேசினோம்.

"பழைய குற்றம் என்பதால்தானே வேலை இல்லை என்று சொன்னீர்கள், புவான்?" என்றேன். மலாயில் மேடத்துக்குப் புவான்.

"இல்லை, காக்" என்றார். அக்கா என்று கூப்பிட்டதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. "இங்கே ஆம் என்று டிக் போட்டவர்கள் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். உங்கள் கணவர் எழுதியதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். யாரும் எழுதுவதில்லை. அதனால்தான் பேட்டிக்கே கூப்பிட்டேன்."

"பிறகு?"

"யாரை அடித்தீர்கள் என்று கேட்டேன். தெரியாது என்றார். எதற்கு என்று கேட்டேன். யோசித்தார். எதனால் அடித்தீர்கள் என்று கேட்டேன். கை என்றார். மண்டை உடைந்தது என்று எழுதியிருக்கிறதே, கையாலா என்றேன். கட்டை என்றார். பிறகு, ஞாபகமில்லை என்று தலையைக் குனிந்துகொண்டார்." ஹன்னா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அடித்தவனுக்கு அது மறக்காது, காக். அவர் இதைவிடப் பெரிதாக எதையோ மறைக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. இங்கே மெயின்டனன்ஸ் ஆளுக்கு எல்லா அறைக்கும் பொதுச் சாவி கொடுப்போம். மறைக்கிற ஆளிடம் எப்படிக் கொடுப்பது?"

பொய் சொல்ல வராத மனிதரிடம் பொய்யைக் கொடுத்தனுப்பியது நான். அதைச் சரியாகக்கூடச் சொல்லித் தரவில்லை.

"என் அண்ணன் உங்களிடம் பேசினாரே?"

ஹன்னா தயங்கினார். சொல்லலாமா என்று யோசித்துவிட்டுத்தான் சொன்னார். "அறிமுகப்படுத்தியவர் என்பதால் கூப்பிட்டுக் கேட்டேன். தங்கையின் கணவர் என்பதற்காகக் கையெழுத்துப் போட்டேன், அந்த விஷயம் எனக்கு முழுசாகத் தெரியாது, சாவி கொடுப்பது உங்கள் இஷ்டம், எனக்குப் பொறுப்பு வேண்டாம் என்று சொன்னார்."

"அடித்ததே அவன்தான்!" என்று கத்திவிட்டேன். என் அண்ணனை அவன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பந்தல், வாழைமரம், ரத்தம், காவடி என்று எல்லாவற்றையும் கொட்டினேன். காவடிக்காக ஒருவன் செய்யாத குற்றத்தை ஒத்துக்கொள்வான் என்பதை மலாயில் விளக்குவது அவ்வளவு சுலபமில்லை. வயிற்றைத் தொட்டுக் காட்டினேன், தோளில் சுமப்பதைப் போலக் கையைத் தூக்கிக் காட்டினேன்.

ஹன்னா எழுந்து அலமாரியைத் திறந்து அண்ணனுடைய பழைய கோப்பை எடுத்து, பதினான்காம் கேள்வியைத் தானே ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"உங்கள் அண்ணன் எப்போதாவது நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டிருக்கிறாரா?"

"இல்லை."

"அப்படியானால் அவர் எழுதியது உண்மை. உங்கள் கணவர் எழுதியதும் உண்மை. யார் அடித்தார் என்று இந்தப் பாரம் கேட்கவில்லை."

"இப்போது உங்களுக்குத் தெரியுமே?"

"காக், நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேலே போய் என்ன சொல்வேன்? நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டார், பாரத்தில் ஒத்துக்கொண்டார், பேட்டியில் ஒத்துக்கொண்டார், ஆனால் மனைவி வந்து இல்லை என்கிறாள் என்றா? நான் செய்யவில்லை என்று அன்றைக்கு அவரே சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருப்பேனா தெரியாது. இந்த நாற்காலியில் உட்காருகிற எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். செய்தேன், இன்னது செய்தேன், வருந்துகிறேன் என்று தெளிவாகச் சொல்கிறவரைத்தான் எங்களால் எடுக்க முடியும். அந்த இடத்துக்கு வேறு ஆளும் எடுத்தாகிவிட்டது."

நல்ல பெண்தான். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். அதனாலேயே எனக்கு ஆத்திரம் அதிகமானது. திட்டுவதற்குக்கூட ஆள் கிடைக்கவில்லை. கடைக்குத் திரும்பி, ஒரு கல்யாணக் கூட்டத்துக்கு நாற்பது சேலை விரித்துக் காட்டினேன். ஒன்றுகூட எடுக்காமல் போனார்கள்.

அடுத்த புதன்கிழமை மத்தியானம் அண்ணன் சாப்பிட வந்தார். முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வந்தார். கையில் இன்னொரு பாரம். ஜுருவில் கார் விற்கும் கம்பெனி ஒன்றின் பட்டறையில் ஆள் எடுக்கிறார்களாம்.

"இதுலயும் அந்தக் கேள்வி இருக்கு மச்சான். இந்தத் தடவையாவது சொன்னபடி கேளுங்க, இல்லன்னு போடுங்க லா."

என் வீட்டுக்காரர் பாரத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "மொதல்ல சாப்பிடுங்க" என்றார். நெத்திலிக் குழம்பு வைத்திருந்தேன், அண்ணனுக்குப் பிடிக்கும் என்று. பழக்கதோஷம். இரண்டு பேருக்கும் பரிமாறிவிட்டு எதிரில் நின்றேன்.

"அண்ணே, ஹன்னா மேடத்தப் பாத்தேன்."

அண்ணன் கை சோற்றிலேயே நின்றது.

"உனக்கு விசயம் தெரியாதுன்னு சொன்னியாம். சாவிக்குப் பொறுப்பு வேணாம்னியாம்."

"வேற என்னா சொல்லச் சொல்ற? எல்லாம் தெரியும்னு சொன்னா, எப்படித் தெரியும்னு கேப்பா. அப்பறம் என் வேல?"

"உன் பாரத்த எடுத்துப் பாத்தாங்க. இல்லன்னு டிக் போட்டிருக்க."

"நான் என்னா பொய்யா எழுதியிருக்கேன்?" என்றார் அண்ணன். குரலில் கொஞ்சம்கூட நடுக்கம் இல்லை. "எம்மேல கேஸ் இருக்கா? சொல்லு."

இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் சொன்னது சரி. அந்தச் சரியை அவர் பன்னிரண்டு வருடமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

நான் குனிந்து அவருக்கு முன்னாலிருந்து தட்டை எடுத்தேன். பாதிச் சோறு இருந்தது. சாப்பிடுகிறவன் தட்டை எடுப்பதைப் போன்ற பாவம் வேறில்லை என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள், அவரையும் அப்படித்தான் வளர்த்தார்கள். அண்ணன் குழம்புக் கையோடு என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து, கழுவாமலே, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு செருப்பைப் போட்டார். என் வீட்டுக்காரர், "மச்சான், மச்சான்" என்று லிஃப்ட் வரைக்கும் ஓடினார்.

திரும்பி வந்து, "பாவம் லோகா, பசியோட போறாரு" என்றார்.

அந்த நிமிடம் அண்ணனைவிட இவர்மேல்தான் எனக்கு வெறுப்பு வந்தது. நீதானே அண்ணன் பெயரைச் சொல்லக் கூடாது என்றாய், உன்னால்தானே போச்சு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் காலில் விழுந்து அழுதிருப்பேன். கேட்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, மேசையைத் துடைத்து, புதுப் பாரத்தையும் நீலப் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இந்தப் பாரத்தில் அது ஒன்பதாவது கேள்வி. ஆம் என்று டிக் போட்டார். நான் காலை மிதிக்கவில்லை. கீழே விளக்குவதற்கு நான்கு கோடு விட்டிருந்தார்கள்.

"என்னா எழுதட்டும் லோகா?"

அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இருபது வருடத்துக்கு முன்னால், இவர் லாக்கப்பில் இருந்த அன்றைக்கு, அண்ணன் என் வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து அழுதுகொண்டே சொன்னதெல்லாம் எனக்கு ஒன்றுவிடாமல் ஞாபகம் இருக்கிறது. இவர் என்னிடம் அதைக் கேட்டதே இல்லை. நானும் சொன்னதில்லை.

"எழுதுங்க. தண்ணிப் பந்தல் எடத்துக்காகச் சண்டை. கூடாரத்து இரும்புக் குழாயால அடிச்சேன்."

"இரும்புக் குழாயா?"

"ஆமா. ரெண்டு மொழ நீளம். ஒரே அடி. கேட்டா கைன்னு சொல்லாதீங்க, கட்டைன்னு சொல்லாதீங்க. அவன் எங்க அம்மாவப் பத்திப் பேசுனான், அதான் கோவம் வந்துச்சின்னு சொல்லணும்."

அவர் பெரிய எழுத்தில் மெதுவாக எழுதினார். எழுதியதை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். இரும்புக் குழாய், ரெண்டு முழம், ஒரே அடி. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி விரலை மடக்கினார்.

"எந்தக் கைன்னு கேட்டா?"

"அண்ணன் இடது கை. நீங்க வலதுன்னே சொல்லுங்க."

தலையாட்டினார். வலது கையைத் தூக்கி, இல்லாத குழாயைப் பிடித்து, காற்றில் ஒரு தடவை மெதுவாக இறக்கிப் பார்த்தார். பிறகு கையை மேசைமேல் வைத்துக்கொண்டார்.

"கடைசியா, வருத்தப்படுறேன்னு சொல்லணும். அது முக்கியம்" என்றேன்.

"அது சொல்லிடுவேன் லோகா" என்றார். "அது பொய் இல்லையே."